நிரந்தரமாக மூடப்பட்டது

1.

இந்தக் கதை என் வலது கைக் கட்டைவிரலில் பிறந்தது. மற்ற கதைகளுக்கு ரயிலில் கேட்டது, தோழி சொன்னது என்று எதையாவது சொல்லித் தப்பித்துவிடுவேன். இதில் முடியாது.

பங்குனி மாதம், அறுபத்து மூவர் உற்சவம். தி.நகரிலிருந்து வேடிக்கை பார்க்க மயிலாப்பூர் போயிருந்தேன். மத்தியானம் பசித்தது. போனில் தேடினேன். நடந்துபோகும் தூரத்தில் 'புகழ்ஜோதி மெஸ்', நாலரை நட்சத்திரம், வத்தக்குழம்பு பிரமாதம் என்று நாற்பது பேர் எழுதியிருந்தார்கள். சந்துக்குள் போனால் ஷட்டர் இறங்கியிருந்தது. மேலே பெயர்ப்பலகைகூட இல்லை. இரண்டு ஆணிகள்தான் துருத்திக்கொண்டிருந்தன.

திரும்பி வந்து, குளக்கரைக் கூட்டத்தில் யாரோ கொடுத்த நீர்மோரைக் குடித்துக்கொண்டிருந்தபோது போன் என்னைக் கேட்டது: நீங்கள் போன இடம் திறந்திருக்கிறதா, தற்காலிகமாக மூடியிருக்கிறதா, நிரந்தரமாக மூடப்பட்டதா? ஆணிகள் நினைவுக்கு வந்தன. மூன்றாவதை அமுக்கினேன்.

(சாப்பிடுவதையெல்லாம் படமெடுத்துப் போடுகிறவள் நான். அந்த வரைபடத்தில் என் பேச்சுக்கு மரியாதை அதிகம். சாயங்காலத்துக்குள் 'உங்கள் திருத்தம் ஏற்கப்பட்டது, நன்றி' என்று வந்துவிட்டது. எந்தப் பத்திரிகையும் எனக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் போட்டதில்லை.)

2.

முதல் தொடக்கம்: "ஜோதிலட்சுமியின் கண்கள் குளம்போல்..." வேண்டாம். முப்பது குடும்ப நாவல் எழுதிய கை. விட்டால் குளத்தில் இறங்கிவிடும்.

இரண்டாவது: "அவள் கணவன் புகழேந்தி ஈவிரக்கமில்லாத..." பொய். பத்தொன்பது வருடமாக மனைவி சாப்பிட உட்கார்ந்த பிறகே தன் தட்டை எடுக்கிற மனிதன் அவன்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

சித்திரையில் ஜோதிலட்சுமி தன் மெஸ்ஸில் தினமும் வடிக்கிற எட்டுப் படி அரிசியை ஆறாகக் குறைத்தாள். வைகாசியில் நாலு. தினமும் வருகிற பழைய முகங்கள் வந்தன. அடையாறிலிருந்தும் கிண்டியிலிருந்தும் போனைப் பார்த்துக்கொண்டே சந்துக்குள் நுழைகிற புது முகங்கள்தான் நின்றுபோயின. ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளிடமும் அதே மாதிரி போன் இருந்தது. ஆனால் தன் கடைக்கு யார் வழி தேடுவார்கள்?

ஒரு நாள் புகழேந்தி குழம்பை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இலைகளைத் துடைத்தபடியே சொன்னான்:

"உன் கை முன்ன மாரி இல்ல, ஜோதி."

சொன்னவன் மறந்துபோனான். அவள் அன்றிலிருந்து குழம்பை இரண்டு முறை ருசி பார்த்தாள், பிறகு நாலு முறை. புளியைக் கூட்டினாள், மறுநாள் குறைத்தாள். பேசிக்கொண்டே ஜாடியிலிருந்து உப்பை அள்ளிப் போட்டுவந்தவள், ஒரு கரண்டி வாங்கி அளந்து போட ஆரம்பித்தாள்.

(இதில் பாதி அவள் சொன்னது. மீதி, அந்தக் கரண்டியைப் பார்த்து நான் ஊகித்தது.)

3.

ஆனி மாதத்தில் கோட்டூர்புரத்திலிருந்து பத்ரிநாராயணன் என்ற வங்கி அதிகாரி வந்தார். இலை முன்னால் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்.

"இன்னும் நடத்தறேளா? நிரந்தரமா மூடியாச்சுன்னு போட்டிருக்கே."

போனை நீட்டினார். சிவப்பு எழுத்து. ஜோதிலட்சுமி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"யாரு மூடுனது? நான் இங்கதான நின்னுகினு கீறேன்?"

அவள் அழவில்லை. அன்றே ஒரு சட்டம் போட்டாள். மோர் கட்டத்துக்கு வந்தவர்கள் போனை எடுத்து, இலையைப் படம் பிடித்து, 'திறந்திருக்கிறது' என்பதை அமுக்க வேண்டும். "மொதல்ல அமுக்கு நைனா, அப்பறம் மோரு." பட்டன் போன் வைத்திருந்தவரை, நாளைக்கு மகளோடு வரச் சொன்னாள். பதினோரு பேர் அமுக்கினார்கள். 'பரிசீலனையில்' என்றே வந்தது. சிவப்பு எழுத்து அசையவில்லை. அவளும் அசையவில்லை. பன்னிரண்டாவது ஆளுக்குக் காத்திருந்தாள்.

புகழேந்திக்குப் பெரிய நிம்மதி. எல்லாம் இந்தப் போன் செய்த வேலை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். ஆனால் உப்புக் கரண்டி அடுப்பு மேடையைவிட்டுப் போகவில்லை.

4.

பன்னிரண்டாவது ஆள் நான்.

வேறு வேலையாக அந்தச் சந்தில் நடந்தபோது, ஆணிகளில் மஞ்சள் பலகை தொங்கியது. உள்ளே போய் உட்கார்ந்தேன். வத்தக்குழம்பு நன்றாகவே இருந்தது. உப்பு மட்டும் கொஞ்சம் பயந்துபோயிருந்தது.

பங்குனியில் பலகை இல்லையே என்று தெரியாதவள்போல் கேட்டேன். வருடாவருடம் அறுபத்து மூவருக்குக் கடையை அடைத்துவிட்டு, பலகையைக் கழற்றிக்கொண்டுபோய்க் குளக்கரையில் கட்டி, அதன் கீழே நின்று நீர்மோர் கொடுப்பார்களாம். அப்படியானால் அன்று என் இடது கையில் இருந்த மோர்...

(இட்டுக்கட்டியது என்பீர்கள். பெயர்களைத்தான் மாற்றியிருக்கிறேன். மோரை மாற்றவில்லை.)

போனில் கடையை மூடியது யார் என்று தெரிந்தால் சண்டை போடுவீர்களா என்று கேட்டேன்.

"சண்ட போட்டு இன்னாம்மா ஆவப்போவுது? ஒண்ணே ஒண்ணு கேக்கணும். சாப்ட்டுட்டு மூடுனாங்களா, சாப்டாமயே மூடுனாங்களா? சாப்ட்டுட்டுன்னா, இவரு சொன்னது கரெக்ட்டு."

"நான் இன்னா சொன்னேன்?" என்றான் புகழேந்தி.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

5.

முடிவு அ: புகழேந்தி ஒரு கவளம் பிசைந்து அவளுக்கு ஊட்டி, "என் நாக்குலதான் கோளாறு" என்கிறான். என் வாசகிகளுக்குப் பிடிக்கும். ஆனால் அவள் நம்பமாட்டாள். ஆசைக்காகச் சொல்கிறான் என்றே எடுத்துக்கொள்வாள்.

முடிவு ஆ: நான் 'திறந்திருக்கிறது' அமுக்கி, மோர் குடித்து, நழுவுகிறேன். கடை பிழைக்கும். உப்பை அவள் காலம் முழுக்க அளந்து போடுவாள்.

அவள் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் இந்த ஊரில் ஒருவர்தான்.

6.

"போன எடும்மா" என்றாள்.

எடுத்தேன். சிவப்பு எழுத்துக்குக் கீழே சின்னதாக, 'திருத்தியவர்: நீங்கள்'. கவிழ்த்துவிடலாம். கவிழ்க்கவில்லை. அவள் பக்கம் திருப்பி, புகழேந்திக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"சாப்பிடலைங்க. ஒரு வாய்கூட சாப்பிடாமதான் மூடினேன். உங்க மோர் மட்டும் குடிச்சேன்."

அவள் சொன்னதை எழுதப்போவதில்லை. முப்பது நாவல்களில் பெண்கள் எப்போது மன்னிக்க வேண்டும் என்பதை நானே தீர்மானித்திருக்கிறேன், பெரும்பாலும் கடைசி அத்தியாயத்தில், மழை பெய்யும்போது. இவளுக்கு நான் நாள் குறிக்கமாட்டேன்.

பார்த்ததை மட்டும் சொல்கிறேன். உள்ளே போனாள். கொதிக்கிற ரசத்தில் ஜாடியிலிருந்து உப்பை அள்ளிப் போட்டாள். கரண்டியைத் தேடவில்லை. ருசியும் பார்க்கவில்லை. பிறகு மோர்ச் சொம்போடு வந்து என் எதிரே நின்றாள்.

நான் 'திறந்திருக்கிறது' என்பதை அமுக்கிவிட்டு டம்ளரை நீட்டியிருக்கிறேன். ஊற்றுவாளா, மாட்டாளா? நீங்களே சொல்லுங்கள். அதுவரை கையை இறக்கமாட்டேன்.