பெட்டிக்குள் வராத குழல்

பெங்களூரிலிருந்து மகள் நர்மதா ஒரு ஸ்பீக்கர் அனுப்பியிருந்தாள். எங்களுக்குக் கல்யாணம் ஆகி முப்பது வருஷம் முடிந்ததற்காம். அட்டையும் தெர்மாகோலும் பிரித்து எடுத்தால் உள்ளே மர நிறத்தில் ஒரே ஒரு பெட்டி. ரேடியோ, ஆம்ப்ளிபயர், மூலைக்கு ஒரு ஸ்பீக்கர் என்று தனித்தனியாக எதுவும் வேண்டாம், எல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது, பாட்டு போனிலிருந்து காற்றிலேயே வந்துவிடும் என்று அவள் விளக்கினாள். வயர்லெஸ் என்று பெயர். பின்னால் பார்த்தால் கரண்டுக்கு இரண்டு முழம் வயர் தொங்குகிறது.

பிடிக்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். பிடித்ததா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் அவள் அப்பா. என்னை யாரும் கேட்கவில்லை.

அவள் அப்பா, அதாவது என் வீட்டுக்காரர் சரவணமுத்து, தீர்ப்புச் சொல்வதில் ஜலகண்டாபுரத்தில் பேர் போனவர். ஓடுகிற தறியின் சட்டத்தில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார். நாலு தெரு தள்ளியெல்லாம் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். அப்படிப் போய்விட்டு வந்த நாட்களில் மனுஷனுக்குக் கால் தரையில் பாவாது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் சாரதாமணி. வாய்க்காரி என்று தெருவில் பேர் வாங்கியவள். ஆனால் ஆறு வருஷமாக என் வீட்டுக்காரரிடம் மட்டும் அளந்துதான் பேசுகிறேன். சோறு, கரண்ட் பில், நூல் வந்ததா, அவ்வளவுதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் என் கழுத்தில் ஒரு கட்டி தென்பட்டது. சேலத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போன இடத்தில் அவளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ரிசல்ட் வாங்கப் போக வேண்டியதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் வாய் திறந்தேன். அப்போதும் முகத்தைக் காட்டத் தைரியம் இல்லை. அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டு, தோசையைத் திருப்பிப் போட்டபடி சொன்னேன்.

"கழுத்துல ஒரு கட்டிங்க. நாளைக்கு ரிசல்ட்டு தாராங்க. எனக்குப் பயமா இருக்குது. கூட வாரீங்களா?"

பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டார், கை கழுவினார், தறிப் பட்டறைக்குப் போய்விட்டார். மறுநாள் தனியாகப் பஸ் ஏறினேன். ஒன்றுமில்லை, வெறும் கொழுப்புக் கட்டி என்றார்கள். திரும்பி வந்து அதை அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இவ்வளவு கல்நெஞ்சோடு ஒருத்தர் இருப்பாரா என்று எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன்.

சரி, ஸ்பீக்கருக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டை ஒட்டியே பட்டறை. எட்டுத் தறி. எதிர் வீட்டில் ஆறு, பக்கத்து வீட்டில் பன்னிரண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அது தண்ணீர் மாதிரி. கல்யாணமாகி வந்த நாள் முதல் அதற்குள்தான் மிதக்கிறேன், அதற்குள்தான் கனவு காண்கிறேன். பட்டறைக்குள் நாங்கள் யாரும் கத்திப் பேசுவதில்லை. கத்தினாலும் கேட்காது. உதட்டை அசைத்தால் போதும், எட்டாவது தறியில் நிற்பவர் படித்துப் பதில் சொல்லிவிடுவார். எங்கள் தெருவில் காதல் கடிதம் எழுதியவர்கள் குறைவு. உதட்டிலேயே முடித்துவிடுவார்கள். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரும் என்னிடம் முதலில் அப்படித்தான் பேசினார். நான் தறியில் பாவு நூலைப் பிணைக்கக் குனிந்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது, 'பூ நல்லாருக்குது' என்று அவர் உதடு சொன்னது.

ஸ்பீக்கர் வந்த பிறகு சாயங்காலங்கள் மாறிப்போயின. நர்மதா என் போனில் குழல் இசையாக நிறையச் சேர்த்துக் கொடுத்திருந்தாள். பட்டறைப் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு அதை ஓட விடுவேன். முதலில் தம்புரா வரும், வெந்நீர் ஆவி போல அறை முழுக்கப் பரவும். அதன் மேல் குழல் மெல்ல ஏறும். தறிச் சத்தம் விலகி எங்கேயோ ஆற்றுக்கு அக்கரையில் ஓடுவது போல ஆகும். சுவரில் மாட்டிய காலண்டர், பாத்திரங்கள், என் கை, எல்லாமே கொஞ்சம் தரையை விட்டு எழும்பி நிற்பதாகத் தோன்றும். குக்கர் மூன்று விசில் அடித்து அடங்கிய பிறகுதான் எனக்கு இந்த உலகம் திரும்பக் கிடைக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஸ்டாப்" என்று மெதுவாகச் சொன்னால் அந்தப் பெட்டி நின்றுவிடும். முதுகைக் காட்டிப் பேசினாலும் என் பேச்சைக் கேட்க இந்த வீட்டில் ஒரு ஜீவன் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். அதைத் திருப்பி அனுப்ப எனக்கு மனசே இல்லை.

ஆனால் தீர்ப்பு அவருடையது. பட்டறையிலிருந்து வந்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைப்பார். மிருதங்கம் வந்தால் தலையாட்டுவார். அடி நன்றாகத்தான் இருக்கிறது, மேலேதான் ஒன்றுமே இல்லை என்பார். பெண் குரல் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறதாம், குழல் வரவே இல்லையாம். பாதி வேலை பார்த்து அனுப்பிய பெட்டி, திருப்பிவிடலாம் என்று எட்டாம் நாளே முடிவு கட்டிவிட்டார். எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது என்று சொன்னேன். உனக்குத் தறிச் சத்தத்தில் என்ன தெரியும் என்றார். எரிச்சலில் அன்றைக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை.

பத்தாம் நாள் கரண்ட் நிறுத்தம். மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காக ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் நிறுத்துவார்கள். எங்கள் தெருவுக்குக் காது திறக்கிற நாள் அது ஒன்றுதான். ஒன்பது மணிக்குத் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அதன் பிறகு வந்த அமைதியில் எங்கோ ஒரு குழந்தை சிணுங்குவதும், முருங்கை மரத்தில் அணில் கத்துவதும் பக்கத்தில் நடப்பது போலக் கேட்டன.

அவரே சொன்னார், இன்றைக்குத்தான் சரியான சோதனை, சத்தம் இல்லாத நேரத்தில் கேட்டுவிட்டு மகளுக்கு முடிவு சொல்லலாம் என்று. பெட்டியின் வயரை இன்வெர்ட்டரில் செருகினார். நாற்காலியை இழுத்துப் போட்டு, உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். நான் எதிரில் தரையில் உட்கார்ந்து பாட்டை ஓட விட்டேன்.

தம்புரா வந்தது. பிறகு குழல். இத்தனை நாளும் தறிக்கு அப்பாலிருந்து வந்தது, இன்றைக்கு என் மடியிலேயே வந்து உட்கார்ந்தது. வாசித்தவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. ஒரே சுரம் உயர உயரப் போய், வெயிலில் பறக்கும் நூல் இழை மாதிரி நின்றது. நான் அதைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது. காரணமில்லாமல் அவரையும் மன்னித்துவிடலாம் போல இருந்தது.

அப்போது அவர் கண்ணைத் திறக்காமல் சொன்னார்.

"குழலு எப்பத்தான் வரும்?"

எனக்குச் சட்டென்று எல்லாம் தரையில் இறங்கியது. விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. புருவத்தைச் சுருக்கி, குழலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, வாசிச்சிட்டுத்தானே இருக்குது" என்றேன். மூடிய கண் அசையவில்லை. "ஸ்டாப்" என்றேன். பெட்டி நின்றது. "உங்களைத்தானுங்க" என்று இன்னும் பக்கத்தில் போய்ச் சொன்னேன். அறையில் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. அவர் உட்கார்ந்தபடியே இருந்தார்.

கையில் அதிர்வு நின்றதை உணர்ந்துதான் கண்ணைத் திறந்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அப்போது எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. குரலே இல்லாமல், மூச்சுக்கூட விடாமல், உதட்டை மட்டும் அசைத்தேன். காபி குடிக்கிறீங்களா?

"போடு. சர்க்கரை கம்மியா" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. நான் சத்தமே போடவில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. இந்த ஊரில் யாருக்குத்தான் தெரிந்திருக்கும்? எல்லோரும் எல்லோருடைய உதட்டையும் பார்த்தே பேசுகிற இடத்தில், ஒருத்தருக்குக் காது போனதை யார் கண்டுபிடிப்பது? கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. முதலில் மெல்லிசான சத்தங்கள். என் குரல் மெல்லிசு.

தோசைக்கல்லைப் பார்த்து நின்ற என் முதுகு ஞாபகம் வந்தது.

நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, அவர் முகத்துக்கு நேரே என் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே வார்த்தைகளை, ஒன்று விடாமல். கழுத்தில் கட்டி, நாளைக்கு ரிசல்ட், பயமாக இருக்கிறது, கூட வருகிறீர்களா. அதை என்றைக்குச் சொன்னேன், எந்தப் பக்கம் பார்த்துச் சொன்னேன், மறுநாள் எந்த பஸ்ஸில் தனியாகப் போனேன் என்பது வரைக்கும் சொன்னேன். அவர் என் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

உள்ளங்கை இன்னும் பெட்டியின் மேலேயே இருந்தது. பிறகு சொன்னார்.

"கூட வந்திருப்பேன், புள்ள."

அவர் மடியில் முகத்தை வைத்து அழுதேன். ஆறு வருஷத்துக் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் திணறியது. அதைவிடப் பாவமாக இருந்தது அவரைப் பார்க்க. காது போனதைவிட, கேட்காமல் போன அந்த ஒரு சாயங்காலம்தான் அவரை அடித்துப் போட்டது என்று தெரிந்தது.

மத்தியானம் அவரே நர்மதாவுக்குப் போன் போட்டார். வீடியோவில்தான் கூப்பிட்டார். அவர் எப்போதும் வீடியோவில்தான் கூப்பிடுவார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "பொட்டி தங்கமாட்டம் இருக்குது, சாமி. கோளாறு என் காதுல" என்றார். வாழ்நாளில் அவர் தீர்ப்பை மாற்றிச் சொல்லி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. எதிர் வீட்டில் ஒரு தறி, பக்கத்தில் இரண்டு, பிறகு தெரு முழுக்க. பழைய தண்ணீர் உள்ளே புகுந்து எங்களை மூடியது. அவர் பட்டறைக்குப் போனார். நான் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டு, அடுப்பின் பக்கம் திரும்பாமல் பட்டறை வாசலைப் பார்த்தபடி நின்றேன். முதல் தறியை ஓட விட்டவர் திடீரென்று நின்று என்னைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது.

"ரிசல்ட்டு என்ன வந்துச்சு?"