பேனா தட்டும் வரை

காலை ஏழு மணிக்குச் சமையலறையில் நர்ஸ் தன் வெள்ளை யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, வார்டில் நடந்த ஒரு சம்பவத்தை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். மேஜையருகே அவள் கணவர், கையில் சிவப்புப் பேனாவோடு. அவர் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் ‘கமா சார்’. அது அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அவள் ஒரு பிழை விட்டால் பேனா மேஜையில் ‘டொக்’கென்று தட்டும். உடனே அவள் வாக்கியத்தின் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த வீட்டில் அதுதான் சட்டம். ஊசிக்குப் பயந்து ஒரு நோயாளி கட்டிலுக்கு அடியில் ஒளிந்த கதையை மூன்று நாளாகச் சொல்கிறாள். அந்த மனுஷர் இன்னும் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தார்.

“அம்மா, அந்த அங்கிள் வெளிய வந்தாரா இல்லையா? தமிழ்லயாவது சொல்லித் தொலையேன்!” என்றாள் ஏழு வயது மகள்.

“நடுவுல பேசாத. அம்மா படிக்கிறாங்கல்ல?” என்றார் கமா சார்.

நர்ஸ் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “ஒரு தடவை முழுசா பேச விடுங்களேன். தப்பையெல்லாம் கடைசியில சொல்லுங்க.”

“தப்பு நாக்குல ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் போகாதும்மா. முளையிலயே கிள்ளணும். ம், முதல்லேர்ந்து.”

மருத்துவமனையில் வெளிநாட்டு நோயாளிகளுக்கென்று புதுப் பிரிவு திறக்கிறார்கள். அதற்குத் தலைமை நர்ஸ் வேண்டும். ஒன்பது வருட அனுபவம், இவள் போட்டால் ஊசி வலிப்பதில்லை என்ற நல்ல பெயர், எல்லாம் அவளிடம் இருந்தன. பாக்கி இருந்தது பதினைந்து நிமிட ஆங்கில நேர்காணல் ஒன்றுதான். அதில் தவறினால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். கணவருக்கு அவள் மேல் அக்கறை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அக்கறை தேவைக்கு மேலேயே இருந்தது; வினையே அதுதான்.

நேர்காணல் நாளில் மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கையில் பேனா.

“ஊசி வேண்டாம் என்று ஒரு நோயாளி அடம்பிடிக்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரியான கேள்வி. அவள் முதல் வாக்கியத்தைச் சொன்னாள், பிழையே இல்லாமல். சொல்லிவிட்டு நிறுத்தினாள். கண் அந்தப் பேனாவுக்குப் போயிற்று. பேனா தட்டவில்லை. ‘தட்டப்போகிறார்’ என்று காத்திருந்தாள். அவர்களோ அவள் தொடர்வாள் என்று காத்திருந்தார்கள். குறிப்பு எழுத அவர் கையை அசைத்தார். பேனா மேஜையில் பட்டது. அவ்வளவுதான், அவள் முதல் வாக்கியத்தையே திரும்பத் தொடங்கிவிட்டாள். பதினைந்து நிமிடத்தில் மூன்று வாக்கியங்கள் தேறின.

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. ‘மொழி தெரிகிறது. பேச்சு ஓடவில்லை.’ அவளுக்கு நான்கு வருடம் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஒருத்திக்கு அந்த இடம் போனது.

கமா சார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எந்த எடத்துல தப்பு விட்ட? ஞாபகப்படுத்திச் சொல்லு.”

“தப்பே விடலைங்க.”

“அப்புறம் ஏன் நிறுத்தின?”

“அவர் கையில பேனா இருந்துச்சு. நீங்க தட்டுற மாதிரி தட்டுவார்னு நின்னுட்டேன்.” அவள் குரலில் கோபம்கூட இல்லை. அழுதிருந்தால் அவருக்குச் சமாதானம் சொல்லவாவது வாய் வந்திருக்கும். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் வகுப்பில் ஒரு மாணவியை எழுப்பி, நேற்று என்ன செய்தாய் என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். அவள் நாலு வார்த்தை பேசினாள். நிறுத்தினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். அடுத்தவனும் அப்படியே. நாற்பது பிள்ளைகளும் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பது இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் அவர் கண்ணில் பட்டது. பேனாவைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, “நீ பேசும்மா, நான் கேக்கிறேன்,” என்றார். தப்பும் தவறுமாக அவள் பேசி முடிக்க மூன்று நிமிடம் ஆனது. அவருக்கு நாக்கு அரித்தது; பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். வீட்டிலும் அன்றிலிருந்து அப்படித்தான்.

அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம். ஒரு மாணவனின் அப்பா, மளிகைக்கடைக்காரர், எல்லோருக்கும் கேட்கும்படி எழுந்து நின்றார்.

“சார், என் பையன் வீடு பூரா தப்புத் தப்பா இங்கிலீஷ் பேசிட்டுத் திரியிறான். கிளாஸ்ல நீங்க கேட்டுட்டுச் சும்மா நிக்கிறீங்களாமே? சம்பளம் எதுக்கு வாங்குறீங்க?”

சிலர் சிரித்தார்கள். கமா சார் சிரிக்கவில்லை.

“முன்னாடி பேசினானா உங்க பையன்?”

மளிகைக்கடைக்காரர் யோசித்தார். “இல்ல சார். வாயே தொறக்க மாட்டான்.”

“பேசி முடிச்சதை நாளைக்குத் திருத்திக்கலாங்க. பயந்துபோய்த் தொண்டையிலயே நின்னுட்டதை எந்த வாத்தியாராலயும் திருத்த முடியாது. நடுவுல நடுவுல தட்டித் தட்டி, நல்லாப் பேசக்கூடிய ஒருத்தரை ஊமையாக்கினவன் நான். அவங்களுக்கு ஒரு வருஷம் போச்சு. உங்க பையனுக்கு அப்படிப் போகக் கூடாது. வீட்டுலயும் அவனை முழுசாப் பேச விடுங்க.”