ஊழியர் குடும்பத்துக்குப் பாதி விலை

கப்பலில் எந்தச் சாப்பாடு டிக்கெட்டில் அடங்கும், எதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும் என்பதை ஆர்யா தன் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது போன புரட்டாசியில். ஏழு மாத ஒப்பந்தம் முடிந்து லீவுக்குப் பாறசாலை வீட்டுக்கு வந்திருந்தாள். அடுக்களை மேடையில் ஏறி உட்கார்ந்து, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே பேசினாள்.

"பெரிய சாப்பாட்டு ஹால் ஒண்ணு உண்டு. அங்க எத்தனை தட்டு வேணும்னாலும் எடுக்கலாம், தனிப் பைசா கெடையாது. ஆனா ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட் நாலு உண்டு. அதுக்குப் பைசா குடுக்கணும். வெவரம் தெரிஞ்சவங்க கப்பல் கேறதுக்கு முந்தியே புக் பண்ணுவாங்க, வெல கொறயும். மொத நாளு கூட்டம் இருக்காது, அன்னைக்கும் கொறச்சுக் குடுப்பாங்க. கரைக்குப் போவாம கடல்லயே ஓடுத நாளு மத்தியானம் போனா அப்பமும் லாபம். மூணு கடைக்குச் சேத்து எடுத்தா அது வேற."

"இதெல்லாம் நான் எப்படி மக்கா ஓர்மை வைக்க?"

"ஒண்ணும் ஓர்மை வைக்காண்டாம். எனக்க ஸ்டாஃப் நம்பரைச் சொன்னா போரும். ஊழியருக்க குடும்பத்துக்குப் பாதி வெலயாக்கும்."

உமையம்மாளுக்கு மகள் சொன்னதில் பாதிதான் விளங்கியது. ஆனால் அவள் சொன்ன தினுசு பிடித்திருந்தது. நாலு வருஷமாக அந்தக் கப்பலில் பரிமாறும் வேலை பார்க்கிறவள், தன் வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவளைப் போலத்தான் பேசினாள். தை மாதம் கப்பல் கொச்சிக்கு வருகிறது. கொழும்பு, மாலத்தீவு போய்விட்டு ஆறாம் நாள் கொச்சிக்கே திரும்பும். அதில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆர்யா டிக்கெட் எடுத்துவிட்டாள். முதல் நாள் மாலை, தான் வேலை பார்க்கும் ரெஸ்டாரன்டிலேயே இரண்டு பேருக்கு மேசையும் பதிந்துவைத்தாள். அதற்குள் லீவு முடிந்து அவளும் கப்பலில் இருப்பாள்.

"நானாக்கும் ரெண்டு பேருக்கும் விளம்பப் போறேன்" என்றாள்.

ஒரு விஷயம் மட்டும் தாய்க்கும் மகளுக்கும் நடுவிலேயே ரகசியமாக இருந்தது. அந்த ரெஸ்டாரன்ட் மாட்டிறைச்சி சுட்டுக் கொடுக்கும் கடை. அப்பா ஞானசம்பந்தத்துக்கு அது தெரியாது. நெய்யாற்றின்கரையில் பத்திரப்பதிவு ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். சைவக் குடும்பம், முட்டைகூட அந்த வீட்டு வாசல் தாண்டியதில்லை. மகள் கப்பல் வேலைக்குப் போகிறாள் என்றதற்கே நாலு நாள் பேசாமல் இருந்தவர். இத்தாலிக்காரர்கள் கடை, மாவும் தக்காளியும்தான் என்று ஆர்யா அவரிடம் சொல்லிவைத்தாள். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் கேட்டவர்களுக்கெல்லாம் அவரும் அதையே சொன்னார்.

"அங்க வச்சு நானே சொல்லுதேன் அம்மா. யூனிபார்மோட நான் நிக்கதைப் பாத்தா அப்பாக்குக் கோவம் வராது."

ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. பின்பக்கத்து வாழைத்தோட்டத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வாய்க்கால் அடைப்பை எடுத்துவிட ஆர்யா இறங்கினாள். காலில் செருப்பு கடித்த புண் இருந்ததை யாரும் நினைக்கவில்லை. ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. மழைக் காய்ச்சல்தான் என்று மாத்திரை வாங்கிப் போட்டார்கள். கண் மஞ்சளித்த பிறகு திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். எலிக்காய்ச்சல் என்றார்கள். நாலு நாள் மூச்சுக்குழாயோடு கிடந்தாள். ஐந்தாம் நாள் விடியும்போது முடிந்துவிட்டது. அவளுக்கு இருபத்தேழு வயது.

கப்பல் கம்பெனியிலிருந்து அனுதாபம் சொல்லிக் கடிதம் வந்தது. பெற்றோரின் பயணச்சீட்டு அப்படியே செல்லும், விரும்பினால் வரலாம் என்று அதன் அடியில் எழுதியிருந்தது.

"நமக்கெதுக்கு இனி?" என்றார் ஞானசம்பந்தம்.

"அவ நின்ன எடத்தை நான் பாக்கணும்."

"எட்டி, அங்க போனா அவ இருப்பாளா?"

"இங்கயும்தான் இல்ல" என்றாள் உமையம்மாள்.

தை மாதம் இருவரும் பாறசாலையில் ரயிலேறினார்கள்.

கப்பல் ஒரு ஊரைப் போல இருந்தது. அறைக்குப் போய்ப் பையை வைத்ததுமே உமையம்மாள், மேசை பதிந்திருப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்றாள். ஐந்தாம் தளத்தில் அதற்கென்று ஒரு கவுன்டர் இருந்தது. அங்கே நின்ற வெளிநாட்டுப் பெண் சிரித்த முகத்தோடு வரவேற்றாள். மகளின் ஸ்டாஃப் நம்பரை உமையம்மாள் மனப்பாடம் செய்துவைத்திருந்தாள். ஆறு இலக்கம். ஒவ்வொன்றாக அவள் சொல்ல, ஞானசம்பந்தம் ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண் தட்டிப் பார்த்தாள். இன்னொரு தடவை தட்டினாள்.

மேசை இருக்கிறது, ஆனால் பாதி விலை கிடைக்காது என்றாள். இந்த நம்பர் இப்போது வேலையில் இல்லை. வேலையில் இருக்கும் ஊழியர்களின் குடும்பத்துக்கு மட்டும்தான் சலுகை. உங்கள் மகள் வேறு கப்பலுக்கு மாறிவிட்டாளா?

ஞானசம்பந்தம் கவுன்டரின் கண்ணாடியைப் பார்த்தபடி, பத்திரம் வாசிக்கும் குரலில், அவள் உயிரோடு இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே ஓடிப்போய் மேலாளரைக் கூட்டிவந்தாள். அவர் தலைகுனிந்து வருத்தம் சொன்னார். மெஷின் அந்த நம்பரை ஏற்காது, ஆனால் வேறு வழி இருக்கிறது என்றார். இன்று முதல் நாள், அதற்கு ஐந்தில் ஒரு பங்கு குறைக்கலாம். மூன்று ரெஸ்டாரன்டுக்குச் சேர்த்து எடுத்தால் இன்னும் குறையும். கப்பல் கடலிலேயே ஓடும் நாளை மறுநாள் மத்தியானம் வந்தாலும் குறையும்.

கணவர் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல உமையம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுக்களை மேடையில் உட்கார்ந்து மகள் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. கடைசியாக அவள் சொன்னது மட்டும் வரவில்லை.

"நம்பரைச் சொன்னா போரும்னுதானே சொன்னா" என்றாள்.

"முழுப் பைசாவும் குடுக்கலாம், உமா. நம்மகிட்ட இல்லாததா?"

"பைசாவா நான் கேக்கேன்? அவளுக்க நம்பரை எடுக்கச் சொல்லுங்க."

ஞானசம்பந்தம் அதை மொழிபெயர்க்கவில்லை.

அப்போதுதான் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு கறுப்புச் சட்டை போட்ட ஓர் ஆள் வேகமாக வந்தான். முப்பது வயதிருக்கும். யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. "ஆன்ட்டி, நான் சஜன். நம்ம ஊருப் பக்கம், கோட்டுகால்காரனாக்கும். ஆர்யாக்க கூட ஒரே கடையில" என்றவன், உமையம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். செய்தி வந்தபோது கப்பல் நடுக்கடலில் இருந்ததாம். அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று இரண்டு தடவை சொன்னான்.

விஷயத்தைக் கேட்டதும், "சாரமில்ல ஆன்ட்டி, கவலப்படாண்டாம், எனக்க நம்பர்ல போடலாம். பேப்பர்ல எனக்க அம்மை, அப்பன்னு எழுதணும். அவ்வளவுதான்" என்றான்.

"வேண்டாம்" என்றார் ஞானசம்பந்தம். குரல் உயர்ந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "தம்பி, தப்பா நினைக்காண்டாம். எனக்கு ஒரு பிள்ளைதான். வேற ஒருத்தனுக்கு அப்பன்னு எழுதி நான் சாப்பிட மாட்டேன்."

சஜன் தலையசைத்தான். "சரி அங்கிள். ஆறரைக்கு வாங்க. மத்தத அப்புறம் பாக்கலாம்."

ஆறரைக்குப் போனார்கள். உமையம்மாள் நல்ல பட்டுச்சேலை கட்டியிருந்தாள். ஆர்யா அதைத்தான் கட்டச் சொல்லியிருந்தாள். ரெஸ்டாரன்டின் வாசலை ஒட்டி ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. உள்ளே விளக்கு வெளிச்சத்தில், பெரிய பெரிய இறைச்சித் துண்டங்கள் கொக்கியில் தொங்கின. சுடும் வாசனை வெளியிலேயே அடித்தது.

ஞானசம்பந்தம் நின்றுவிட்டார். அலமாரியைப் பார்த்தார். கதவின் மேலிருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"எடம் மாறி வந்தாச்சா?"

"இல்ல. இதான்."

"இதென்ன கடை?"

"மாட்டெறச்சிக் கடை. இதிலயாக்கும் அவ நின்னா."

"நீ அறிவியா?"

"அறிவேன்."

"எப்பம் முதல்?"

"மொதல் வருஷம் முதல்."

அவர் திரும்பி, நீளமான நடைவழியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நடந்துபோனார். கூடப் போவதா வேண்டாமா என்று உமையம்மாள் அங்கேயே நின்றாள். உள்ளே சஜன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருப்பது தெரிந்தது. அவள் உள்ளே போனாள்.

அது பன்னிரண்டாம் மேசை. பதினொன்று முதல் பதினாலு வரை ஆர்யாவின் மேசைகள் என்றான் சஜன். எங்கே நிற்பாள் என்று கேட்டாள். தூணுக்குப் பக்கத்தில் ஓரிடத்தைக் காட்டினான். அங்கே இப்போது வேறொரு பெண் கையில் தண்ணீர்க் கூஜாவோடு நின்றிருந்தாள். உமையம்மாளைப் பார்த்ததும் அவளும் வந்து ஏதோ சொன்னாள். உமையம்மாளுக்கு ஆர்யா என்ற பெயர் மட்டும் புரிந்தது.

சுட்ட உருளைக்கிழங்கும் காளானும், பச்சைப் பயறு கடைந்த ஏதோ ஒன்றும் வந்தன.

"இது மெனுவுல கெடையாது ஆன்ட்டி. போன தடவை லீவுக்குப் போவதுக்கு முந்தி ஆர்யா ஷெஃபுக்க பின்னால நடந்து நடந்து செய்ய வச்சதாக்கும். எங்க அப்பா வருவாரு, எறச்சி பட்ட சட்டியில வைக்கப்பிடாதுன்னு சொல்லிச் சொல்லி, ஷெஃப் கடைசியில புதுச் சட்டியே வாங்கி மாத்தி வச்சாரு. இன்னைக்குத்தான் அதை எடுத்தாச்சு."

உமையம்மாள் உருளைக்கிழங்கைப் பிட்டு வாயில் வைத்தாள். உப்பு சரியாக இருந்தது. சஜன் பார்க்கிறான் என்பதற்காக மென்றுகொண்டே இருந்தாள்.

எதிர்நாற்காலிக்கு முன்னால் வைத்த தட்டு அப்படியே ஆறிப்போனது. முடித்ததும் தோலுறையில் பில் வந்தது. அவளுக்கு ஆங்கிலம் அதிகம் வராது. ஆனாலும் பாதி விலைதான் போட்டிருக்கிறது என்பதும், கீழே 'மதர்' என்று அச்சடித்திருப்பதும் தெரிந்தது. மேலே இருந்த நம்பர் சஜனுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

"அவரு வேண்டாம்னு சொன்னாரே மக்கா."

"அங்கிளுக்குப் போடல. உங்களுக்கு மட்டும்தான்" என்றான் சஜன். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு வருஷம் முந்தி எனக்க அம்மை கப்பலுக்கு வந்தப்பம் நான் காலு ஒடிஞ்சு கரையில கெடந்தேன். எனக்க நம்பர் அப்பம் ஓடல. ஆர்யாதான் அவ நம்பரைப் போட்டா. எனக்க அம்மைய அவளுக்க அம்மைன்னு எழுதினா. மூணு நாளும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு நடந்தா."

ஆர்யா இதை வீட்டில் சொன்னதே இல்லை. எல்லாவற்றையும் தன்னிடம் சொல்லுகிறாள் என்றுதான் உமையம்மாள் நினைத்திருந்தாள். பேனாவை வாங்கி, 'மதர்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்ததும் அழுகை வந்தது. ஆஸ்பத்திரியிலும் அடக்கத்திலும் வராத அழுகை. பெற்ற பிள்ளையின் பெயரை அடித்துவிட்டு வேறொரு பெயரை எழுதியது போலிருந்தது. அதே சமயம், எழுந்து அந்தப் பையனின் தலையைத் தடவ வேண்டும் போலவும் இருந்தது. சஜன் மற்ற மேசைகளுக்கு மறைப்பாக முன்னால் வந்து நின்றுகொண்டான்.

மேல்தளத்தில் ஞானசம்பந்தம் ஒரு சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கொச்சியின் விளக்குகள் பின்னால் சிறிதாகிக்கொண்டிருந்தன. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எறச்சியப் பத்தி இல்லட்டி" என்றார் அவர். "எங்கிட்ட சொல்ல அவளுக்கு அவ்வளவு பயமா? நான் அடிச்சதுண்டா அவளை? ஒரு தடவை உண்டா?"

"அடிச்சதில்ல."

"பின்ன?"

"பேசாம இருப்பீங்க. அதாக்கும் அவளுக்குப் பயம்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாலு வருஷம். நாலு வருஷமும் போன்ல எங்கிட்ட தக்காளி, மாவுன்னு என்னத்தையெல்லாம் சொன்னா. நானும் கேட்டுக்கிட்டிருந்தேன்." எழுந்து நின்றார். "எந்த மேசை?"

இருவரும் கீழே போனபோது பன்னிரண்டாம் மேசையில் வேறொரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைக்காரர்கள், வயதானவர்கள். அவர்கள் தட்டில் இறைச்சி இருந்தது. ஞானசம்பந்தம் அந்த வாசனைக்குள் நேராக நடந்து, மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என் மகள் இங்கே வேலை பார்த்தாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "இந்த மேசைக்கு அவள்தான் பரிமாறுவாள்."

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்றாள் அந்த அம்மாள், முகமெல்லாம் மலர்ந்து. "இன்றைக்கு இருக்கிறாளா?"

"இல்லை. இன்றைக்கு இல்லை."

அவர்கள் தலையசைத்துப் புன்னகைத்தார்கள். கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார்கள். அவர் நகராததால் சங்கடத்தோடு கத்தியையும் முள்கரண்டியையும் மறுபடி எடுத்துக்கொண்டார்கள். சஜன் வந்து அவர் தோளைத் தொடும்வரை ஞானசம்பந்தம் அங்கேயே நின்றார்.

மறுநாள் கொழும்பில் எல்லோரும் இறங்கி ஊர் பார்க்கப் போனார்கள். உமையம்மாளும் ஞானசம்பந்தமும் இறங்கவில்லை. கட்டிலின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்கிட்ட அவ சொன்னது, எங்கிட்ட சொல்லாதது, எல்லாத்தையும் சொல்லு" என்றார்.

உமையம்மாள் முதல் வருஷத்திலிருந்து தொடங்கினாள். முதல் வாரம் கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தியெடுத்துக் கிடந்தது. வீட்டுக்கு வரவேண்டும் என்று போனில் அழுதது. தட்டைப் போட்டு உடைத்துத் திட்டு வாங்கியது. நடுவில் ஒருவனைப் பிடித்திருந்தது, பிறகு அது சரிப்படாமல் போனது. ஒவ்வொன்றையும் அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். சில இடங்களில் தலையசைத்தார். ஓரிடத்தில் சிரிக்கக்கூடச் செய்தார்.

மத்தியானம் ஆனபோது அவள் களைத்து நிறுத்தினாள்.

"இன்னும் உண்டா?" என்றார்.

"உண்டு."

"சொல்லு."