இரண்டு தட்டு

1

இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டக், டக். என்னிடம் இருந்த முதல் அவ்வளவுதான். மற்றதெல்லாம் வட்டி.

ஆஸ்பத்திரிகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற லாண்டரி அது. மடிக்கும் பகுதியில் ஒரு பெட்ஷீட்டுக்கு இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு முனை. இயந்திர இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. அதனால் முனை கைக்கு வந்தவள், பிடியை விடாமல் விரல்முட்டியால் மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவாள். ‘பிடிச்சிட்டேன், இழு’ என்று அர்த்தம். மேசைக்குத் தகரம் போட்டிருப்பதால் அந்தத் தட்டு காதுக்கு வருமுன் இடுப்புக்கு வந்துவிடும்.

அங்கிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி, ஒரு டயர் கடையின் மாடியில் தற்காப்புக் கலை சொல்லித்தருகிற கூடம். அங்கே ஒருவர் கையை ஒருவர் முறுக்கிப் பிடித்துப் பழகுவார்கள். தாங்க முடியாதவர் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். ‘போதும், விடு’ என்று அர்த்தம்.

ஒரே சத்தம்தான். இங்கே இழு, அங்கே விடு. இரண்டு இடத்துக்கும் போய்வந்த ஒருத்தி இருந்தாள். லாண்டரியில் அவளுக்கு நெட்டையக்கா என்று பெயர்.

2

தொடக்கம் ஒன்று:

எதிரிகளை வீழ்த்தும் கலையை நெட்டையக்கா கற்றுக்கொள்ளத் தொடங்கிய நாளில் வானம்

வேண்டாம். அவளுக்கு எதிரிகள் கிடையாது. தவிர, அந்தக் கூடத்தில் அவள் வெகுநாள் கற்றுக்கொண்டது விழுவதற்கு மட்டும்தான். வானத்தையும் நான் பார்க்கவில்லை.

தொடக்கம் இரண்டு:

தலைமை என்பது ஒரு

இதுவும் வேண்டாம். இப்படி ஆரம்பிக்கிற எதையும் நான் முழுதாகப் படித்ததில்லை.

தொடக்கம் மூன்று. இதை வைத்துக்கொள்கிறேன்:

நெட்டையக்காவைச் சூப்பர்வைசர் ஆக்கிய மறுநாள், சாப்பாட்டு பெஞ்சில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. அதுவரை அவளோடு ஒரே ஷீட்டின் மறுமுனையைப் பிடித்துவந்தவள் வாயாடி. அன்று வாயாடி தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு எதிர்வரிசைக்குப் போனாள்.

“இங்க உக்காரேன்டி.”

“அய்யோ, மேலிடத்த இடிச்சுக்கிட்டு உக்காரலாமா? இஸ்திரி போட்ட துணி, கசங்கிடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நெட்டையக்காவும் சிரித்தாள். சிரித்து முடித்தபின் வாயில் இருந்த சோற்றை விழுங்குவதற்கு அவளுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது.

3

அவள் ஏன் அந்தக் கூடத்துக்குப் போனாள்? தைரியம் வேண்டும் என்று போனதாக முதல் பிரதியில் எழுதியிருந்தேன். சூப்பர்வைசர் ஆனதிலிருந்து முதலாளி கூப்பிட்டாலே அவள் மாடிப்படியில் பாதி ஏறி நின்றுவிடுவாள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. வீட்டில் அவள் தனி. வேலையிடத்தில் கூட்டத்துக்கு நடுவே தனி. நாள் முழுவதிலும் இன்னொரு மனித ஜீவன் அவள் கையைத் தொட்டுப் பிடிக்கிற இடம் அந்தக் கூடம் ஒன்றுதான். முறுக்குவதற்காகப் பிடித்தாலும் பிடித்தல் பிடித்தல்தானே.

(கூடத்துக்குள் நான் போனதில்லை. எதிர்ப்புறம் பஸ் நிறுத்தம். மேலே பெரிய கண்ணாடி ஜன்னல். பார்த்தது நான். கேட்டுச் சொன்னது முடிவெட்டுகிறவர். அவரும் அங்கே பழகுகிறவர். எங்கள் தெருவில் கடை; கத்தரியைவிட அவர் வாய் வேகம்.)

சொல்லித்தருகிறவளை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். நெட்டையக்காவைவிட வயதில் சின்னவள். பகலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள், அதனால் தொண்டை எப்போதும் கட்டியிருக்கும். பெரிய தத்துவமெல்லாம் அவளிடம் கிடையாது.

“முதல்ல விழக் கத்துக்கங்க. விழப் பயப்படுறவங்கதான் அடுத்தவங்களத் தள்ளிவிடுவாங்க.”

“எதிர்ல நிக்காதீங்க. பக்கத்துல போய் நில்லுங்க. அவங்க என்ன பாக்குறாங்களோ அத நீங்களும் பாருங்க. அப்புறம் சண்டையே பாதியாயிடும்.”

“பிடிக்கிறதுக்கு எந்த மடையனும் போதும். தட்டினதும் விடுறதுக்குத்தான் இங்க பழக்கம்.”

மூன்றாவது பாடத்தில்தான் நெட்டையக்கா சறுக்கினாள். ஒரு மாலை முடிவெட்டுகிறவரின் கையை அவள் மடக்கியிருந்தாள். அவர் ரப்பர் மெத்தையில் இரண்டு தட்டுத் தட்டினார். எத்தனையோ வருடம் தகர மேசையில் பழகிய கை, அவளைக் கேட்காமலே இழுத்தது. முழங்கையில் ஏதோ நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம்.

“நான் தட்டினேன்மா,” என்றார் அவர், வலியைவிட ஆச்சரியமாக.

“கேட்டுச்சு அண்ணே. இழுன்னு கேட்டுச்சு.”

அவர் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாராம். மாஸ்டர் திட்டவில்லை. “இனி கொஞ்ச நாள் நீங்க யாரையும் பிடிக்க வேண்டாம். பிடிபடுங்க. தட்டுங்க. விட்டா எப்படி இருக்குன்னு பாருங்க,” என்றாள்.

அதன்பின் பஸ் நிறுத்தத்திலிருந்து பார்க்கும்போதெல்லாம் நெட்டையக்கா கீழே கிடந்தாள். தட்டுவாள். விடுவார்கள். விட்டபிறகும் அவள் உடனே எழுந்திருக்க மாட்டாள்.*

* ஏன் என்று எழுதிப் பார்த்தேன். நான்கு வரி. நான்கும் பொய்யாகத் தெரிந்ததால் அடித்துவிட்டேன்.

4

இப்போது கதைக்கு ஒரு சிக்கல் வேண்டும் என்பார்கள். தேடிப் போக வேண்டியிருக்கவில்லை, முதலாளியே கொண்டுவந்தார். ஒரு பெரிய விடுதி வேறு லாண்டரிக்குப் போய்விட்டது. “மடிக்கிறதுல ஒரு ஜோடி அதிகம். மெதுவா செய்யற ஜோடி எதுன்னு வெள்ளிக்கிழமை நீங்களே சொல்லிடுங்க. உங்களுக்குத்தானே தெரியும்,” என்றார் நெட்டையக்காவிடம்.

எது மெதுவான ஜோடி என்று எல்லோருக்கும் தெரியும். வாயாடியின் மேசைதான். நெட்டையக்கா மேலே போனபின் வாயாடிக்குக் கிடைத்த புது ஜோடி, கேட்டால்கூடப் பதில் சொல்லாத ஒருத்தி. அவளைப் பற்றி இந்தக் கதையில் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

(சரி. நான்தான். இதற்குமேல் இல்லை.)

வியாழக்கிழமை நெட்டையக்கா எங்கள் மேசைக்கு வந்தாள்.

“வந்துட்டாங்கப்பா. எல்லாரும் முதுக நிமித்துங்க,” என்றாள் வாயாடி.

நெட்டையக்கா என் கையிலிருந்த முனைகளை வாங்கிக்கொண்டு என் இடத்தில் நின்றாள். எத்தனை நாளைக்குப் பிறகோ அந்த இரண்டு பேருக்கும் நடுவே ஒரு வெள்ளை ஷீட். வாயாடி முனையைப் பிடித்தாள். டக், டக்.

நெட்டையக்கா வாயாடியின் முகத்தைப் பார்த்தாள். மேசையில் தட்டிய கையைப் பார்த்தாள். பிறகு ஷீட்டை விட்டுவிட்டாள். அது வாயாடியின் காலடியில் குவிந்து விழுந்தது.

“ஏய், என்ன விட்டுட்ட?”

“தட்டினியே.”

“தட்டினா இழுக்கணும். மேல போனதும் தொழிலே மறந்துடுச்சா?”

“கை எப்பலேருந்து வலிக்குது?”

வாயாடி வாயை மூடிக்கொண்டதை நான் பார்த்தது அப்போதுதான். ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் மணிக்கட்டு வலித்திருக்கிறது. நான் மறுமுனையில் நின்று, அவள் தட்டும்போதெல்லாம் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“யார்கிட்டயும் சொல்லாத,” என்றாள் கடைசியில். “இந்த வேலையும் போனா நான் எங்கடி போவேன்?”

நெட்டையக்கா குனிந்து ஷீட்டை எடுத்து, தனி ஆளாக, மார்போடு அணைத்து மடித்து வைத்தாள். மத்தியானம் பெஞ்சில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகத்தான் இருந்தது. வலியைக் கண்டுபிடித்தவளின் பக்கத்தில் உட்காருவது அவ்வளவு எளிதா என்ன.

5

வெள்ளிக்கிழமை. முதலாளியின் அறை மாடியில், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அங்கிருந்து பார்த்தால் நாங்கள் எல்லோரும் தெரிவோம். கீழேயிருந்து பார்த்தால் அவர்கள் தெரிவார்கள், பேச்சு கேட்காது. ஆகவே இனி வரும் பேச்சுக்கு நான் பொறுப்பு.

முடிவு ஒன்று: நெட்டையக்கா பேசப் பேச முதலாளியின் கண் கலங்கி, “நீங்க என் கண்ணத் திறந்துட்டீங்க” என்று அவர்

அடித்துவிட்டேன். அந்த மனிதரின் கண் வெங்காயத்துக்கும் கலங்காது.

முடிவு இரண்டு: அவள் எங்கள் பெயரைச் சொல்லிவிட்டு வெளியே வந்து, படியில் உட்கார்ந்து

இதையும் முடிக்கவில்லை. நடந்திருக்கக்கூடியது இதுதான் என்பதால் முடிக்கவில்லை.

பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். அவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். எதிரே நாற்காலி இருந்தது. நெட்டையக்கா அதில் உட்காரவில்லை. மேசையைச் சுற்றிப் போய் அவர் பக்கத்தில் நின்றாள். அவர் எதைப் பார்ப்பாரோ அதைப் பார்த்தாள், அதாவது எங்களை. கை நீட்டி எங்கள் மேசையைக் காட்டினாள். அவரும் எழுந்து கண்ணாடிக்கு வந்தார். அவள் வாய் அசைந்தது. நான் அதற்கு வைத்த வார்த்தைகள்:

“இங்கேருந்து வேகம் தெரியுதுங்க, கை தெரியல. நான் பாக்குற எண்ணிக்கை வேலைக்கு அவ போதும், அந்த மணிக்கட்டுக்கு ஓய்வு வேணும். நான் பழையபடி மடிக்கப் போறேன், அவ ஜோடிப் பொண்ணோட. ஒரு சம்பளம் குறைச்சாகணும்னா என்னோடதுல குறைங்க. யாராவது விழணும்னா நான் விழறேன். எனக்கு விழத் தெரியும்.”

ஒருவேளை இதில் ஒரு வரிகூட அவள் பேசாமல் இருந்திருக்கலாம். எங்கள் மேசையைக் காட்டி, ‘அவங்கதான் மெதுவான ஜோடி’ என்று மட்டும் சொல்லியிருக்கலாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

முதலாளி திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு கையை மடக்கி, விரல்முட்டியால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

நெட்டையக்கா அப்படியே நின்றாள். இதோ கீழே என் பக்கத்தில் வாயாடி, கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, மேலே பார்க்காமல் கேட்கிறாள்: “என்னடி நடக்குது?”

அவர் தகர மேசைப் பாஷை அறிந்தவரா, ‘சரி, பிடிச்சிட்டேன், இழு’ என்றாரா? இல்லை, ‘போதும், விடு’ என்று வெளியே அனுப்பினாரா? யோசிக்கும்போது எல்லோரும் தட்டுவதுபோலச் சும்மா தட்டினாரா? நெட்டையக்காவின் தோள் மட்டும் தெரிகிறது. அது இன்னும் அசையவில்லை.

இதற்குமேல் தனியாக மடிக்க என்னால் முடியாது. ஒரு ஷீட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். இந்தாருங்கள், மறுமுனை உங்களுக்கு. பிடித்துக்கொண்டீர்களா?

நான் தட்டிவிட்டேன்.