கடைசி வீட்டுக்கு வரும் கரண்ட்

நட்சத்திரத்தின் கீழ்முனையில் நீல விளக்கு இரண்டு தடவை கண் சிமிட்டியது. அதைப் பார்த்ததும் மேரிராணி பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "வாடா கண்ணு, உள்ள வா" என்றாள். வராந்தா ஓரத்தில் அடாப்டரைச் செருகிவிட்டு நின்ற டெல்பின் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ஈஸ்டருக்குப் பிறகு அம்மா வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் டெல்பினின் தம்பி ஸ்டெபின், வேலைக்குப் போகும் வழியில் சூளகிரிப் பக்கம் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். இந்த நட்சத்திரம் போன கிறிஸ்துமஸுக்கு அவன் செய்தது. பிளைவுட் சட்டத்தில் எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஒட்டி, விளக்குகளை ஆட்டுவிக்க விரல் நீளத்துக்கு ஒரு கன்ட்ரோலர் போர்டு வைத்திருந்தான். விளக்குக்குப் பெரிய அடாப்டர், போர்டுக்குத் தனியாக அவனுடைய மொபைல் சார்ஜர். சுவிட்சைப் போட்டதும் கீழ்முனை நீலமாகச் சிமிட்டும். அப்புறம் ஒவ்வொரு விளக்காக மேலே ஏறி, நட்சத்திரம் முழுக்க வெள்ளையாகி நிற்கும். அந்தச் சிமிட்டலுக்கு அவன் வைத்த பெயர் 'வந்துட்டேன்'. ஷிப்ட் முடிந்து வரும்போது வண்டியை நிறுத்துவதற்கு முன்பே, கேட்டுக்கு வெளியிலிருந்து தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அவன் கத்துகிற வார்த்தை அது.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்டமாட்டார்கள். அப்பா சிங்கராயர் அதைத்தான் சொன்னார். ஆனால் மேரிராணி யாரிடமும் எதுவும் சொல்லாமல் பரணிலிருந்து நட்சத்திரத்தை இறக்கி, வராந்தாவில் சாய்த்து வைத்துவிட்டு, மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்கு முன்னால் டெல்பினால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. சார்ஜர் ஸ்டெபினின் பையோடு ரோட்டிலேயே போய்விட்டது. இருக்கிற ஒரே அடாப்டரிலிருந்து இரண்டுக்கும் கரண்ட் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். அடாப்டரிலிருந்து போர்டு வரைக்கும் தனி ஒயர் இழுக்க அலுப்பாக இருந்தது. பக்கத்திலேயே தொங்கிய ஸ்ட்ரிப்பின் வாலிலிருந்து போர்டுக்கு இணைப்புக் கொடுத்துவிட்டாள். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் டெஸ்டிங் டேபிளில் உட்காருகிறவள் செய்யக்கூடாத சோம்பேறித்தனம்தான்.

அதன் பலன் அன்றைக்கே தெரிந்தது. நீலம் சிமிட்டும், வெள்ளை ஏறும். ஏற ஏற விளக்குகள் கரண்டையெல்லாம் குடித்துவிட, குழாய்த் தண்ணீருக்குக் காத்திருக்கும் கடைசி வீடு மாதிரி போர்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. போர்டு மயங்கி விழும், நட்சத்திரம் அணையும். உடனே போர்டு முழித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். வந்துட்டேன். மறுபடி வந்துட்டேன். ஒரு தடவைகூட நட்சத்திரம் முழுசாக எரியவில்லை.

மேரிராணி சாயங்காலமானால் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு அதன் எதிரே உட்கார்ந்துவிடுவாள். ஓசூரின் டிசம்பர்க் குளிர் எலும்பைத் துளைக்கும். ஒரு சால்வைகூடப் போட்டுக்கொள்ளமாட்டாள். "கேட்டு தெறந்துதான்டா கெடக்குது, ஏன் வாசல்லயே நிக்கற?" என்று கெஞ்சுவாள். எதிர்வீட்டுச் சம்பங்கி எட்டிப் பார்த்து, "ஏனாயித்து டெல்பின்? ஸ்டார் கெட்டுப்போச்சா?" என்று கன்னடம் கலந்து கேட்டாள். மேரிராணி பேசுவது காதில் விழுந்ததும், சம்பங்கி சட்டென்று தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரையைத் துப்பினாள், சோற்றைத் தொடவில்லை. அவன் வந்த பிறகு சாப்பிடுகிறாளாம்.

"ஒண்ணு அத சரி பண்ணு, இல்ல கழட்டி வீசு. உங்கம்மா நமக்கு மிஞ்சமாட்டா" என்றார் சிங்கராயர்.

சரி செய்வது பெரிய வித்தை இல்லை. அடாப்டரிலிருந்து போர்டுக்கு நேராக இரண்டு ஒயர், அவ்வளவுதான். ஆனால் சரி செய்துவிட்டால் அழைப்பு நின்றுவிடும். அம்மா பழையபடி ஊமையாகிவிட்டால்? அது மட்டுமில்லை. ஷிப்ட் முடிந்து தெரு முனையில் திரும்பும்போது அந்த நீலம் கண்ணில் பட்டதும் டெல்பினின் ஸ்கூட்டியும் தானாக மெதுவாகும். காரணம் என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு நாளும் ஸ்டெபின் வண்டி நிறுத்துகிற இடத்தைப் பார்த்துக்கொண்டேதான் வருவாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் ஒயரோடு உட்கார்ந்தபோது மேரிராணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை நெருப்பாகச் சுட்டது.

"என்னடி பண்ற அவன?"

டெல்பின் அம்மாவைப் பார்க்காமலே சொன்னாள். "உள்ள வர முடியாம நிக்கறாம்மா. வழி பண்ணி உடறேன்."

சொன்ன பிறகு அவளுக்கே பயமாக இருந்தது. பிடி மெல்லத் தளர்ந்தது.

சுவிட்சைப் போட்டாள். நீலம் சிமிட்டியது. வெள்ளை ஏறியது, வழக்கமாக விழுகிற இடத்தைத் தாண்டியது, உச்சியைத் தொட்டு அப்படியே நின்றது. வராந்தா பளீரென்றாகிவிட்டது. மேரிராணி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சிமிட்டல் வரவில்லை.

"வந்துட்டான்ல?"

"வந்துட்டாம்மா."

மேரிராணி எழுந்து போய்க் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். உள்ளே வந்து நான்கு தட்டு வைத்துச் சோறு போட்டாள். தானும் உட்கார்ந்து, ரசத்தைப் பிசைந்து வாய்நிறையச் சாப்பிட்டாள். சிங்கராயர் நான்காவது தட்டைப் பார்க்காமல் குனிந்தே சாப்பிட்டார். டெல்பினுக்கு அழுகையும் நிம்மதியும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

அப்போது கரண்ட் போனது. தெருவே இருண்டது. சம்பங்கி வீட்டு டிவியும் அடங்கிப்போனது.

கரண்ட் திரும்பி வந்தால் போர்டு மறுபடி அந்த நீலச் சிமிட்டலிலிருந்துதான் ஆரம்பிக்கும் என்பது டெல்பினுக்குச் சட்டென்று உறைத்தது. அடாப்டரைப் பிடுங்கிவிட வேண்டும் என்று சோற்றுக் கையோடு எழுந்து, அம்மாவையும் அப்பாவையும் தட்டுகளுக்கு முன்னால் விட்டுவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு வாசற்கதவு வரைக்கும் வந்தாள்.

வெளியே, இருட்டில், கேட்டின் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.