எல்லைக்குள் ஒரு வெளியூர்

அகல்யா அக்காவின் கல்யாணத்துக்கு முன்னால் தோழிகள் சேர்ந்து பெங்களூர் போய் ஒரு ராத்திரி சுற்றிவருவது என்று முடிவானது. முடிவு செய்த மூன்று பேரில் ஒருவரும் பெங்களூரைப் பார்த்ததில்லை. நான் பார்த்திருந்தேன். காலேஜ் சிம்போசியத்துக்குப் போய், ஒரு பஸ் ஸ்டாண்டையும் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸையும் பார்த்துவிட்டுத் திரும்பியவன். அந்தத் தகுதியில் என்னை ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள்.

அக்கா கேட்டது ஒன்றுதான். "என்னை யாருக்கும் தெரியாத ஊரா இருக்கணும் கிருபா. ஒரே ஒரு ராத்திரி. யாரும் என்னைக் கூப்பிடக்கூடாது."

அவளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட். விடிந்து வந்து படுத்தால், அயனம்பாக்கத்தில் எங்கள் வீடு அப்போதுதான் கல்யாண வீடாக எழுந்து உட்காரும். ஜாக்கெட் அளவுக்கு ஒருத்தர் எழுப்புவார். அளவு சரியா என்று கேட்க இன்னொருத்தர் எழுப்புவார். "தூங்கறியாம்மா?" என்று கேட்பதற்காகவே ஒரு சித்தி எழுப்பினார். ஒரு மாதமாக அக்கா கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகியிருந்தாள். சாம்பாரைத் தட்டுக்கு வெளியே தரையில் ஊற்றும்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியவரும்.

திட்டம் போடும் வேலை ஜமீலா அக்காவுடையது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அக்காவோடு படித்தவர். கல்யாணப் பெண்ணைவிட இவர் முகத்தில்தான் கல்யாணக் களை அதிகம். இன்னொருவர் திவ்யா அக்கா, ஆபீஸ் தோழி, ஊர் நாகர்கோவில். மூன்று பேருமே குடிக்காதவர்கள் என்பதால், எந்த பப்புக்குப் போவது என்று தீர்மானிக்க மூன்று வாரம் ஆனது. ஜமீலா அக்காவுக்கு ஹலால் இல்லாமல் ஆகாது. எங்கள் அக்கா அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, கல்யாணம் முடியும்வரை கவுச்சி தொடுவதில்லை. திவ்யா அக்காவுக்குச் சத்தம் கேட்டால் தலை வலிக்கும். இம்மூவருக்கும் பொருத்தமான பப் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டார்கள். கோரமங்களா என்றேன். அது எந்தத் திசை என்று எனக்கும் தெரியாது. பெயர் மங்களகரமாக இருந்தது.

பஸ்ஸும் ரூமும் புக் செய்த மறுநாள் கோதண்டம் பெரியப்பா பந்தக்காலை முன்னால் தள்ளிவிட்டார். கல்யாண வாரத்தில் நாள் சரியில்லையாம். வெள்ளிக்கிழமையே நட்டுவிடலாம் என்றார். பஸ் அதற்கு மறுநாள், சனிக்கிழமை. பந்தக்கால் நட்டபிறகு பெண் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் யாரும் எதிர்த்துப் பேசாத விஷயம். அதற்காகவே ஆபீஸுக்கும் லீவு போடச் சொன்னவர்கள், பெங்களூருக்கா அனுப்பப்போகிறார்கள்?

நான் எதிர்த்துப் பேசினேன். அயனம்பாக்கம் இப்போது சென்னை மாநகராட்சி, ஆகவே நம் எல்லை மெரினா வரைக்கும் போகிறது என்று எடுத்துச் சொன்னேன். பெரியப்பா பைக்கைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"கார்ப்பரேஷன்லாம் குப்பை அள்றதுக்குடா. எல்லைன்னா ஏரிக் கலங்கல்லேர்ந்து பிடாரி கோயில் வரிக்கும்தான்."

அக்கா சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் தலையாட்டிவிட்டு, மறுபடியும் ஜாக்கெட் அளவுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். தூக்கிய கையிலேயே தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். டெய்லர் அக்கா எழுப்பினார்.

திவ்யா அக்கா வாடகைக்கு இருப்பது ஏரிப் பக்கத்து அடுக்குமாடியில், பதினாலாவது மாடியில். அந்த இடம் எங்களுடையதாக இருந்து, பெரியப்பாவும் அப்பாவும் விற்றது. பெங்களூருக்குப் பதில் அந்த ராத்திரியை அங்கே வைத்துக்கொள்ளலாமா, அது எல்லைக்குள் வருமா என்று கேட்டேன். பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாடா கேள்வி இது? அது நம்ம கழனி. நம்ம கழனி எல்லைக்கு வெளியவா கீது?"

இருபது மாடி உயரத்துக்குக் கழனி எழும்பிவிட்டதை நான் ஞாபகப்படுத்தவில்லை. ஒரே நிபந்தனை, துணைக்கு நான் போகவேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் ரப்பர் செருப்போடு நடந்தே வெளியூர் போனோம். கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தினார். யார், எங்கிருந்து வருகிறீர்கள், எந்த பிளாட் என்று விசாரித்தார். அக்காவின் பெயரை இரண்டு முறை கேட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"இவருக்கு என்னைத் தெரியலடா," என்றாள். பல வாரத்துக்கப்புறம் அவள் பல் தெரிந்தது.

உள்ளே ஒருவரும் தேதி என்ன, மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று கேட்கவில்லை. லிப்டில் ஒரு அங்கிள் மட்டும், புதுசா குடிவந்திருக்கீங்களா என்றார். ஆமாம் என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

ஜமீலா அக்கா வீடு முழுக்க பலூன் கட்டியிருந்தார். எங்கள் அக்காவுக்குத் தோளில் ஜிகினா ரிப்பன் போட்டு, தலையில் பிளாஸ்டிக் கிரீடமும் வைத்தார். முதலில் கேக், பிறகு விளையாட்டு, அப்புறம் டான்ஸ் என்று அறிவித்தார். அக்கா எல்லாவற்றுக்கும் சரி என்றாள். ஒரு நிமிஷம் முதுகைச் சாய்த்துக்கொள்கிறேன் என்று திவ்யா அக்காவின் கட்டிலில் சாய்ந்தாள். கேக்கை எடுத்துக்கொண்டு வருவதற்குள் தூங்கியிருந்தாள். ஏரியில் வெயில் இன்னும் இறங்கவில்லை.

"மூணு வாரம்டி," என்று ஜமீலா அக்கா தூங்குகிறவளிடம் மெதுவாகச் சொன்னார். எழுப்பப் போன கை தோள்வரை போய் நின்றது. கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

நாங்கள் மூவரும் ஹாலில் குசுகுசுவென்று கேக் தின்றுகொண்டிருந்தபோது அம்மாவின் போன் வந்தது.

"இன்னாடா, ஒரு சத்தமும் காணோம்? திருவள்ளூர் அத்தைங்க வந்துக்கீறாங்க, பொண்ணு எங்கேன்றாங்க. அக்கா இன்னா பண்றா?"

தூங்குகிறாள் என்று சொன்னால், தூங்க நம்ம ஊட்ல இடமில்லையா, இட்டுகினு வா என்பார்.

"ஆடறாம்மா," என்றேன்.

ஜமீலா அக்கா என்னைப் பார்த்தார். எங்கள் இருவரையும் சமையலறைக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, மொபைலில் ஒரு குத்துப்பாட்டைப் போட்டார். மிக்சிக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவே நின்று அவரும் திவ்யா அக்காவும் கை தட்டினார்கள்.

"இன்னும் ஆடறாளா?"

"நிறுத்தவே மாட்டேன்றாம்மா. கூப்பிட்டா வரமாட்டா."

அம்மா கொஞ்ச நேரம் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, வுடு. ஆடட்டும். காலைல வரட்டும். அத்தைங்களுக்கு நான் சொல்லிக்கறேன்."

அம்மா போனை வைத்துவிட்டது தெரியாமல் அவர்கள் இருவரும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.