பிறவியிலேயே அடைத்த வாசல்

பார்க்டேல் கோயிலின் வடக்குச் சுவரில் கல் வைத்து அடைத்த வாசல் ஒன்று இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது அது திறக்கும். கோயிலைக் கட்டியவன் ஊர் நினைப்பில் தவித்த ஓர் இங்கிலாந்துக்காரன். தன் கிராமத்துத் தேவாலயத்தை அச்சொட்டாகத் தான் கடல் கடந்து வந்த இந்த நாட்டில் எழுப்பினான்: சதுரக் கோபுரம், கூர்முனை வளைவு யன்னல்கள், சுவர் சரியாமல் தாங்கும் தடித்த முட்டுச்சுவர்கள், கவிழ்த்துப் போட்ட வள்ளம் மாதிரிக் கூரை. அந்தக் கிராமத்தில் முற்காலத்தில் ஞானஸ்நானத்தின்போது, பிள்ளையை விட்டுச் சாத்தான் வெளியேறட்டும் என்று வடக்கு வாசலைத் திறந்து வைப்பார்களாம். பிறகு அது மூடநம்பிக்கை என்று கல்லால் அடைத்துவிட்டார்கள். இவன் கண்டு வளர்ந்தது அடைத்த வாசலைத்தான். ஆகவே அடைத்த வாசலையே கட்டினான், ஒருவரும் ஒருநாளும் போய்வராத வாசல். ஊர் ஏக்கம் எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

வெள்ளைக்காரர்கள் குறைந்து, ஞாயிறு பின்னேரங்களில் கோயில் தமிழ்க் கத்தோலிக்கருக்குக் கிடைத்த காலத்திலிருந்து கற்கள் விலகத் தொடங்கின. பெரும்பாலும் பூனை அளவில் ஏதோ ஒன்று வெளியே ஓடும், கற்கள் மூடிக்கொள்ளும். சனம் பழகிவிட்டது. குளிர்காலத்தில் அந்தப் பக்கத்து வாங்குகளில் இருப்பவர்கள் கோட்டைக் கழற்றுவதில்லை.

அஜக்ஸ் நகரிலிருந்து மரியோவும் றெஜினாவும் தங்கள் மகளைக் கொண்டுவந்தது ஒரு தை மாதத்தில். முதற்பிள்ளை நித்திரையிலேயே இறந்துபோனதால், மரியோ இவளுடைய மூக்கடியில் உள்ளங்கையை வைத்தபடியே காலம் கழித்தான். அவனைப் பார்த்துப் பார்த்து றெஜினாவும் பயந்தாள். குருவானவர் தண்ணீர் வார்த்ததும் கற்கள் விலகின. பிள்ளையிலிருந்து ஒன்றும் போகவில்லை. மரியோவிலிருந்து இன்னொரு மரியோ எழுந்து, கோட்டும் இல்லாமல், வாசலால் வெளியே போனான்.

“சிலவேளை தேப்பன்மாரிலயிருந்தும் போறதுதான், பிள்ளை,” என்றார் பின்வாங்கிலிருந்த மக்டலீன் அன்ரி றெஜினாவிடம்.

வீட்டுக்கு வந்த மரியோ குறட்டை விட்டுத் தூங்கினான். பிள்ளை இருமினால் மறுபக்கம் புரண்டு படுத்தான். றெஜினாவுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. போகப்போக அவளுடைய உள்ளங்கை பிள்ளையின் மூக்கடிக்குப் போனது. பிறகு எடுக்க முடியவில்லை. வெளியே போனது சாத்தானா, தகப்பனா என்ற கேள்வி அவளைத் தின்றது. மாசியில் ஒரு மத்தியானம் பிள்ளைக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

“யோசியாதையும், பிள்ளையளுக்குக் காய்ச்சல் வாறதுதானே,” என்றான் மரியோ, ஹொக்கி மட்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டொக்டர் மருந்து கொடுத்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார். றெஜினாவுக்குப் பயம் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பாமல் 401 நெடுஞ்சாலையில் மேற்கே காரை ஓட்டினாள். கோயிலின் வடக்குப் பக்கத்தில், இரண்டு முட்டுச்சுவர்களுக்கு நடுவே காற்றுப்படாத மூலையில், அன்று வெளியே போன மரியோ நின்றான். புருவத்தில் பனி உறைந்திருந்தது. ஒரு கை மட்டும் நீட்டியபடி இருந்தது.

“பிள்ளை மூச்சு விடுறாளோ?”

“ஓம். காருக்குள்ள நித்திரை. வாங்கோ, குளிருது.”

அவன் பின்சீட்டில் பிள்ளைக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டான். வீட்டிலிருந்த மரியோ கதவைத் திறந்து, தள்ளி நின்று வழி விட்டான். அன்றிலிருந்து அஜக்சில் மரியோ இருவர். ஒருவன் வேலைக்குப் போகிறான். மற்றவன் பிள்ளையோடு விழித்திருக்கிறான். அயலவர்கள் இரட்டையர் என்று நினைத்துக்கொண்டார்கள். றெஜினா திருத்தவில்லை. அவளுக்கு இருவருமே தேவைப்பட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட அன்று அவள் அறைக் கதவைச் சாத்திவிட்டு, பிள்ளை பிறந்த நாள் முதல் கொள்ளாத நித்திரையெல்லாம் கொண்டாள்.